மல்டிமீட்டரில் தொடங்கும் அளவுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே என் வீட்டின் பின்கட்டில் இருக்கும் வேலை மேசையில் ஆஸிலோஸ்கோப் கிடையாது. ஸ்பெக்ட்ரம் அனலைசரும் கிடையாது. பொழுதுபோக்காக நாங்களே ஒலிபரப்பிப் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காக நான் செய்யும் சிறிய டிரான்ஸ்மிட்டர்களையும் ஃபில்டர்களையும் ஆன்டெனாக்களையும் அளப்பதற்கு அங்கே இருப்பவை ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும், அதை நம்பி நானே செய்துகொண்ட சில தகரப் பெட்டிகளும்தான். இந்தப் பெட்டிகளை எந்த வரிசையில் செய்தால் ஒன்றின் அளவு அடுத்ததற்கு ஆதாரமாக நிற்கும் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். சர்க்யூட்டுகளுக்கு இப்போது எங்கும் பஞ்சம் இல்லை. செய்து முடித்த கருவி காட்டும் எண்ணை எதை வைத்து நம்புவது என்ற கேள்விக்குத்தான் எளிதில் விடை கிடைப்பதில்லை.

எனவே முதல் வேலை, மல்டிமீட்டரையே சரிபார்ப்பது. எடைக்கல்லைப் பார்க்காமல் தராசில் நிறுக்க உட்காரக் கூடாது. இதற்குப் பழைய கணினியின் மின்சாரப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் ஒன்று போதும். அதற்குள் டிரான்சிஸ்டரைப் போலவே மூன்று கால்களுடன் டிஎல்431 என்ற ஐசி பெரும்பாலும் இருக்கும். அதன் ரெஃபரன்ஸ் காலையும் கேத்தோடு காலையும் சேர்த்து, 9 வோல்ட் பேட்டரியிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் கொடுத்தால், அதன் இரு முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 2.495 வோல்ட் நிற்கும். சாதாரண ரகத்தில் 2 சதவீதமும், உயர்ந்த ரகத்தில் 0.5 சதவீதமும் வித்தியாசம் இருக்கலாம் என்பதால், வெவ்வேறு போர்டுகளிலிருந்து கழற்றிய நாலைந்து ஐசிகளை அளந்து பார்ப்பது நல்லது. ஒன்றோடொன்று ஒத்துப்போகிற அளவுகளே மீட்டர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லிவிடும். ஓம் அளவுக்கு 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களைக் கொண்டு இதே முறையில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது டம்மி லோடு. ஆன்டெனாவின் இடத்தில் நின்று, டிரான்ஸ்மிட்டரின் சக்தி முழுவதையும் வெளியே விடாமல் வெப்பமாக மாற்றிவிடும் 50 ஓம் சுமை இது. காலை நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் நண்பர்கள் நெட் (வானொலி வழியான கூட்டம்) நடத்திக்கொண்டிருக்கும்போது, ட்யூன் செய்கிறேன் என்று ஆன்டெனாவிலேயே விசில் அடிப்பவர்கள் முதலில் செய்யவேண்டிய கருவியும் இதுதான். 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர்கள் 20 எடுத்து பேரலலாக இணைத்தால் 50 ஓம் கிடைக்கும். 40 வாட் வரை தாங்கும். இரண்டு செப்புத் தகடுகளுக்கு இடையே அவற்றை வட்டமாக நிற்கவைத்து, கால்களைக் கூடியவரை குட்டையாக வெட்டி சோல்டர் செய்யவேண்டும்.

கடையில் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். எத்தனை வாட் என்று மட்டும் சொன்னால் வெள்ளைச் செங்கல் போன்ற சிமென்ட் ரெசிஸ்டரை எடுத்துத் தந்துவிடுவார்கள். நான் வழக்கமாகச் செல்லும் நாகர்கோவில் கடையில், "அதும் அம்பது ஓம்தான், இதும் அம்பது ஓம்தான், பிறகு என்ன மக்களே?" என்று பெரியவர் கேட்டார். "உள்ள கம்பி சுத்தியிருக்கும் அண்ணாச்சி, அது காயிலாயிரும்" என்று சொல்லி, மெட்டல் ஆக்ஸைடு ரகத்தையே தேடி எடுக்கச் செய்தேன். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மல்டிமீட்டரின் நேர்மின்சாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 14 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் கம்பி சுற்றிய ரெசிஸ்டரின் இண்டக்டன்ஸ், அதாவது காயில் (கம்பிச்சுருள்) உயர் அதிர்வெண்ணுக்குக் காட்டும் தடை, ரெசிஸ்டன்ஸை விஞ்சிவிடக்கூடும். மல்டிமீட்டர் சொல்லும் உண்மை உயர் அதிர்வெண்ணிலும் உண்மையாக இருக்கவேண்டுமானால், பொருளின் கட்டமைப்பு அதற்கு இடம் கொடுக்கவேண்டும். வீட்டில் கருவி செய்வதில் பாதி வேலை இதுதான்.

சிலர் டம்மி லோடை எண்ணெயில் அமிழ்த்தி வைப்பார்கள். ஹீத்கிட் நிறுவனம் முன்பு விற்ற 'கேன்டெனா' எண்ணெய் ஊற்றிய தகர டின்னுக்குள் ரெசிஸ்டர் வைத்த அமைப்புதான். தேங்காய் எண்ணெய்க்குக் குறைவில்லாத மாவட்டமாயிற்றே, அதையே ஊற்றினால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாவர எண்ணெய் மீண்டும் மீண்டும் சூடேறும்போது காறிப்போய்ப் பிசுபிசுக்கும். அதில் சேரும் அமிலம் செம்பையும் சும்மா விடாது. மினரல் ஆயில்தான் சரி. 5 வாட், 10 வாட் அளவில் வேலை செய்பவர்களுக்கு எண்ணெயே தேவையில்லை.

டம்மி லோடின் குறுக்கே ஒரு 1என்4148 டயோடையும் 0.01 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரையும் சேர்த்துவிட்டால் அதுவே பவர் மீட்டராகிவிடும். டயோடு ரேடியோ அலையின் உச்ச வோல்டேஜைப் பிடித்துக் கப்பாசிட்டரில் சேர்த்துவைக்க, மல்டிமீட்டர் அதை நேர்மின்சாரமாகப் படிக்கிறது. உச்ச வோல்டேஜின் வர்க்கத்தை 100-ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். 5 வாட் என்றால் உச்ச வோல்டேஜ் 22.4. டயோடு தனக்கென்று எடுத்துக்கொள்ளும் 0.6 வோல்டைக் கூட்ட மறந்தாலும் கணக்கில் 4.7 வாட் வரும். சக்திகளின் விகிதத்தைச் சொல்லும் டெசிபெல் அலகில் அது கால் டெசிபெல்லுக்கும் குறைந்த பிழை. ஆனால் 10 மில்லிவாட்டில் உச்சமே 1 வோல்ட்தான் என்பதால், அங்கே இந்த டயோடை நம்பமுடியாது. மேற்பக்கத்திலும் வரம்பு உண்டு. டயோடின் மேல் விழும் எதிர் வோல்டேஜ் உச்சத்தைப் போல் இரண்டு மடங்கு. 1என்4148 தொடர்ச்சியாகத் தாங்குவது 75 வோல்ட். ஆகவே 14 வாட்டுக்கு மேல் செல்பவர்கள் ரெசிஸ்டர்களால் வோல்டேஜைப் பாதியாக்கி டயோடுக்குக் கொடுக்கவேண்டும்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவை, சிக்னலைத் தெரிந்த அளவுக்குக் குறைத்துத் தரும் அட்டெனுவேட்டர்கள். மூன்று ரெசிஸ்டர்களைப் பை (π) வடிவில் இணைத்தால் போதும். குறுக்கே 62 ஓம் இரண்டும் நடுவே 240 ஓம் ஒன்றும் வைத்தால் ஏறத்தாழ 20 டெசிபெல் குறையும். அதே அமைப்பில் 150, 39, 150 ஓம் என்றால் 6 டெசிபெல். உயர் அதிர்வெண்ணில் வேலை செய்யும் இந்தப் பொருளை டார்ச் பேட்டரி ஒன்றைக் கொண்டே சரிபார்த்துவிடலாம். வெளியேறும் பக்கத்தில் 50 ஓம் ரெசிஸ்டரை வைத்து, உள்ளே 1.5 வோல்ட் செல்லை இணைத்து, இரு பக்கமும் வோல்டேஜை அளந்தால், 20 டெசிபெல் பெட்டியில் வெளியே வருவது உள்ளே உள்ளதில் பத்தில் ஒரு பங்காகவும், 6 டெசிபெல் பெட்டியில் பாதியாகவும் இருக்கவேண்டும். 9 வோல்ட் பேட்டரியை இங்கே இணைக்கக் கூடாது. அது ஒன்றரை வாட்டுக்கும் மேல் உள்ளே தள்ளிக் கால் வாட் ரெசிஸ்டர்களைக் கருக்கிவிடும். பால் பவுடர் டின்னை வெட்டி அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் ஓர் அட்டெனுவேட்டர் வைத்திருக்கிறேன். தடுப்பு இல்லையென்றால், 60 டெசிபெல் குறைத்துவிட்டோம் என்று நினைக்கும் சிக்னல் காற்று வழியாகவே தாண்டிப் போய்விடும்.

மில்லிவாட்டுக்கும் கீழே அளக்க சிக்னலின் அளவை டெசிபெல் கணக்கில் வோல்டேஜாக மாற்றித் தரும் ஏடி8307 என்ற லாகரிதமிக் ஐசி இருக்கிறது. வெஸ் ஹேவர்டும் பாப் லார்கினும் 2001 ஜூன் மாத க்யூஎஸ்டி என்ற அமெரிக்க ஹாம் இதழில் வெளியிட்ட பவர் மீட்டர் இந்த ஐசியைக் கொண்டதுதான். வீட்டில் கருவி செய்பவர்களிடையே இவ்வளவு பரவிய வடிவமைப்புகள் குறைவு. உள்ளே வரும் சிக்னல் ஒவ்வொரு டெசிபெல் கூடும்போதும் வெளியே 25 மில்லிவோல்ட் கூடும். மல்டிமீட்டர் 1 மில்லிவோல்ட் வரை பிரித்துக் காட்டுவதால் தனி டிஸ்பிளே எதுவும் தேவையில்லை. ஐசியின் உள்ளீடு 1.1 கிலோ ஓம் என்பதால், குறுக்கே 52 ஓம் வைத்தால் மொத்தம் 50 ஓம் ஆகிவிடும்.

இதற்கு அளவு குறிப்பதற்குப் பலர் வெளியே ஒரு சிக்னல் ஜெனரேட்டரைத் தேடுவார்கள். நம்மிடம் ஏற்கெனவே இருப்பதே போதும். 820 ஓம் ரெசிஸ்டர்கள் மூன்றைத் தொடராக வைத்து, அதன் கீழே 51 ஓம் வைத்தால், 50 ஓம் மீட்டரை இணைக்கும்போது 40 டெசிபெல் குறைத்து எடுக்கும் கிளை கிடைக்கும். 9 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் 91 மில்லிவோல்ட் அளவில் வருகிறதா என்று மல்டிமீட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். டம்மி லோடில் 5 வாட் ஓடும்போது அது 37 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட்டைவிட 37 டெசிபெல் மேலே. கிளை வழியாக வருவது மைனஸ் 3 டிபிஎம். நடுவே 20 டெசிபெல் அட்டெனுவேட்டரை நுழைத்தால் மைனஸ் 23. இந்த இரு புள்ளிகளிலும் மல்டிமீட்டர் காட்டும் வோல்டேஜுகளுக்கு இடையே அரை வோல்ட் வித்தியாசம் வந்துவிட்டால், பேட்டரியில் அளந்ததும் ரேடியோ அலையில் அளந்ததும் ஒத்துப்போகின்றன என்று பொருள்.

வேண்டிய அதிர்வெண்ணை உண்டாக்க எஸ்ஐ5351 என்ற ஐசி உள்ள மாட்யூலும், அதை இயக்க ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டும் வைத்திருக்கிறேன். 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 160 மெகாஹெர்ட்ஸ் வரை தரக்கூடிய இந்த எஸ்ஐ5351 பலகையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். இதன் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சற்று விலகியே இருக்கும். 10 மெகாஹெர்ட்ஸில் சில நூறு ஹெர்ட்ஸ் பிசகுவது சாதாரணம். சீனாவின் பிபிஎம் நேர நிலையம் 10 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் நேரம் பார்த்து, இரண்டையும் ரிசீவரில் ஒன்றாகக் கேட்டு, இரண்டின் வித்தியாசமாகக் கேட்கும் பீட் ஓசை மெதுவாகித் தேய்ந்து நிற்கும் வரை புரோகிராமில் உள்ள திருத்த எண்ணை மாற்றினால் இந்தக் குறை தீரும். இரண்டாவது, இதிலிருந்து வருவது சதுர அலை. மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கூடவே வரும் அலை) அடிப்படை அலையைவிட 9.5 டெசிபெல்தான் கீழே இருக்கும். எல்லா அதிர்வெண்ணையும் சேர்த்தே அளக்கும் ஏடி8307-க்கு முன்னால், மேல் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டர் வைக்காவிட்டால், கிடைக்கும் எண் எதற்கும் உதவாது.

எஸ்ஐ5351, ஏடி8307 இரண்டும் கைக்கு வந்தபின் காயில் அளப்பது சுலபம். சிக்னல் செல்லும் கம்பியிலிருந்து தரைக்கு, காயிலையும் 100 பிகோஃபாரட் கப்பாசிட்டரையும் தொடராக இணைத்து, அதிர்வெண்ணை நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் மீட்டர் திடீரென்று சரியும். அந்த மெகாஹெர்ட்ஸின் வர்க்கத்தைப் பிகோஃபாரடால் பெருக்கி, 25,330-ஐ அதனால் வகுத்தால் மைக்ரோஹென்றி கிடைக்கும். டி50-2 என்ற சிவப்பு டொராய்டில் (காயில் சுற்றும் வளையம்) 32 சுற்று சுற்றினால் 5 மைக்ரோஹென்றி; அது 7.1 மெகாஹெர்ட்ஸில் சரியவேண்டும். சரிவின் ஆழமும் பயன்படும். 28 டெசிபெல் சரிந்தால் காயிலின் இழப்பு 1 ஓம் அளவு என்றும், அதன் தரத்தைச் சொல்லும் க்யூ எண் 200-ஐத் தாண்டுகிறது என்றும் கொள்ளலாம்.

சிவப்பு டொராய்டை வெளியூரிலிருந்துதான் வரவழைக்கவேண்டும். ஆனால் ஆக்கர்க் கடையில் (பழைய சாமான் கடை) மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பழைய சிஎஃப்எல் பல்புகளின் போர்டில் சின்ன ஃபெரைட் வளையம் ஒன்று இருக்கும். என்ன ரகம் என்று அதன் மேல் எதுவும் எழுதியிருக்காது. அதில் 10 சுற்று சுற்றி, 1000 பிகோஃபாரடுடன் வைத்துப் பார்க்கும்போது 500 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சரிந்தால் அது 100 மைக்ரோஹென்றி, சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் ஒரே சுற்று என்றால் 1 மைக்ரோஹென்றி என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவைக்கலாம். இவ்வகை வளையங்கள் ஃபில்டருக்கு ஆகாது. பல அதிர்வெண்களுக்கும் பொதுவான வைட்பேண்டு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போதும். பல்பின் கண்ணாடிக்குள் பாதரசம் இருப்பதால், குழாயை உடைக்காமல் அடிப்பகுதியை மட்டும் பிரிக்கவேண்டும்.

ஆன்டெனாவை அளக்க ரெசிஸ்டர் பிரிட்ஜ் போதும் என்பது என் கட்சி. 50 ஓம் ரெசிஸ்டர்கள் மூன்றும் நான்காவது கையாக ஆன்டெனாவும் சேர்ந்த வீட்ஸ்டன் பிரிட்ஜின் நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எல்இடி இருக்கும். ஆன்டெனா 50 ஓமை நெருங்க நெருங்க அதன் வெளிச்சம் மங்கும். ஆன்டெனா கம்பி அறுந்து கிடந்தாலும் டிரான்ஸ்மிட்டர் காண்பது 100 ஓம். ஷார்ட் ஆனாலும் 33 ஓம். 50 ஓமிலிருந்து எவ்வளவு விலகல் என்பதைச் சொல்லும் எஸ்டபிள்யூஆர் 2-ஐத் தாண்டாது என்பதால் டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நானோவிஎன்ஏ என்ற கையடக்க அனலைசர் இதைவிட நூறு மடங்கு அதிகம் சொல்லும் என்பதை மறுக்கவில்லை. நானும் இரவல் வாங்கிப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் மாவட்டத்தில், சித்திரையிலும் ஐப்பசியிலும் வேளிமலைப் பக்கம் இடி முழங்கத் தொடங்கினால், தென்னைகளுக்கு இடையே கட்டிய 20 மீட்டர் கம்பியில் நிலைமின்சாரம் ஏறிவிடும். அதை அப்படியே நானோவிஎன்ஏயில் செருகினால் முதல் ஐசி போய்விடக்கூடும். எந்தக் கருவியானாலும், கேபிளின் நடுக்கம்பியை முதலில் தரையோடு தொட்டுவிட்டே செருகவேண்டும். பிரிட்ஜில் எது போனாலும் சில்லறைக் காசில் மாற்றிவிடலாம். குளச்சல், முட்டம் பக்கத்து நண்பர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால், கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மீட்டரைச் சந்தேகிக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே பெட்டியில் வேண்டுபவர்களுக்கு, பிட்எக்ஸ் என்ற டிரான்ஸீவரை (அனுப்பவும் கேட்கவும் உதவும் ஹாம் கருவி) வடிவமைத்த ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் உருவாக்கிய ஆன்டுயினோ இருக்கிறது. ஆர்டுயினோ, எஸ்ஐ5351, பிரிட்ஜ், ஏடி8307 ஆகிய இதே உறுப்புகள்தான் அதிலும் ஒன்றாக வேலை செய்கின்றன. தனித்தனியாகச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் சர்க்யூட்டைப் படிப்பது எளிது. என் மேசையில் இப்போது நடப்பது கிரிஸ்டல் பிரிக்கும் வேலை. பழைய கலர் டிவிகளிலிருந்து கழற்றிய 4.433619 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக எஸ்ஐ5351-க்கும் ஏடி8307-க்கும் நடுவே வைத்து, மீட்டர் உச்சத்துக்கு ஏறும் அதிர்வெண்ணைக் கிரிஸ்டலின் தலையிலேயே மார்க்கரால் எழுதிவைக்கிறேன். 50 ஹெர்ட்ஸுக்குள் ஒத்துப்போகும் ஆறு கிரிஸ்டல்கள் தேறிவிட்டால், அவற்றை ஏணிபோல் அடுக்கிச் செய்யும் லேடர் ஃபில்டரைத் தொடங்கிவிடலாம்.