எப்போது உட்கார்கிறான் என்று கேளுங்கள்

எங்கள் பயிற்சி மையத்துக்கு முதல்முறை வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பார்கள். "ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறான் மேடம்." அப்புறம் மடமடவென்று வரும். பென்சிலைத் தொலைக்கிறான். டிபன் பாக்ஸை வேனிலேயே விட்டுவிடுகிறான். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறான். பக்கத்துப் பையனை நோண்டுகிறான். டைரியில் தினமும் சிவப்பு மையில் ஏதாவது வருகிறது. இத்தனையும் சொல்லப்படும்போது அந்தப் பிள்ளை அம்மாவின் பக்கத்திலேயே நின்று எதையாவது தட்டிக்கொண்டிருக்கும். விளையாட்டில் மூழ்கியிருக்கிறது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். எல்லாம் அதன் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் சேலத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியை. ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் கொண்ட மூளை வளர்ச்சிக் கோளாறு என்று மனநல மருத்துவரோ குழந்தை மருத்துவரோ உறுதிசெய்த பிறகு எங்களிடம் வரும் பிள்ளைகளோடும் அவர்களின் வீட்டாரோடும் வேலை செய்கிறேன். மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோலில் கவனக்குறைவுக்கு ஒன்பது, துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது என்று பதினெட்டு அறிகுறிகள். ஏதாவது ஒரு பிரிவில் குறைந்தது ஆறு அறிகுறிகள் ஆறு மாதத்துக்கு மேல் தொடர வேண்டும், 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும். நோயைக் கண்டறிய அந்தப் பட்டியல் தேவைதான். ஆனால் அதைப் பெற்றோர் அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போய், காலை முதல் இரவு வரை பிள்ளையை அதே பதினெட்டைக் கொண்டு பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கேதான் என் வேலை தொடங்குகிறது.

முதல் சந்திப்பில் நான் கேட்பது ஒன்றுதான். பையன் எப்போது உட்கார்கிறான்?

"செல்போன் குடுத்தா உக்காருவான்" என்று உடனே பதில் வரும். "போன்ல மட்டும் ரெண்டு மணி நேரம் கவனம் இருக்குதுங்களே, அப்ப இது திமிர்தானே?" என்று அப்பாக்கள் சேர்த்துக் கேட்பார்கள். திமிர் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குக் கவனமே இல்லாமல் இல்லை. தேவைப்பட்ட இடத்துக்குத் திருப்பி, அங்கே பிடித்து வைப்பதுதான் கஷ்டம். போன் ஒவ்வொரு நொடியும் புதிதாக ஏதோ ஒன்றைக் கொடுத்துக் கவனத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது, பிள்ளை உழைக்க வேண்டியதில்லை. அதனால் போனைத் தள்ளி வைத்துவிட்டு வேறு எங்கே உட்கார்கிறான் என்று ஒரு வாரம் பார்த்து எழுதி வரச் சொல்வேன். ஒரு அம்மா அதற்கு 'நல்ல நோட்டு' என்று பேர் வைத்தார். அந்தப் பேரே எங்கள் மையத்தில் நிலைத்துவிட்டது.

(பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.)

சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறை வீட்டுப் பையன், நான்காம் வகுப்பு. அவன் அம்மா கொண்டு வந்த நோட்டில் ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப இருந்தது: "தாத்தா பட்டறையில் சலங்கை பொறுக்கினான்." அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. "அது ஒரு வேலையா மேடம்? சும்மா விளையாட்டு." நேரில் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. தாத்தா மணையில் உட்கார்ந்து கொலுசைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நெருப்புக்கு எட்டாத மூலையில், ஜன்னலடியில் பையன் இருந்தான். முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் கலந்து கிடந்த சலங்கைகள். ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்து, காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினான். நன்றாகக் குலுங்கினால் அளவு பார்த்து இந்தக் கிண்ணம் அல்லது அந்தக் கிண்ணம். சத்தம் மந்தமாக இருந்தால் தனியே ஒரு டப்பா மூடியில். நாக்கு உதட்டோரம் வெளியே வந்திருந்தது. கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் கையும் கண்ணும் தட்டைவிட்டு நகரவில்லை. நான் உள்ளே வந்ததையே அவன் கவனிக்கவில்லை. தாத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்த மூடியில போட்டியே, அதுல ஒண்ணு நானே விட்டுட்டேன்டா" என்றார். பையன் முகம் மலர்ந்துவிட்டது.

அவன் அப்பாவிடம் நான் சொன்னது இதுதான். பையன் சலங்கை பொறுக்குவதில் கெட்டிக்காரன் என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. அந்த மூலையில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். கைக்கு வேலை இருக்கிறது. வேலை துண்டு துண்டாக இருக்கிறது. சரியா தப்பா என்பது அந்த நொடியே காதில் கேட்டுவிடுகிறது. பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்தபடி இருக்கிறார், தலைக்கு மேல் நின்று அதட்டவில்லை. வீட்டுப்பாடத்தில் இது எதுவுமே கிடையாது. பதினைந்து வரி எழுத வேண்டும், அது சரியா என்பது நாளைக்குத்தான் தெரியும், தனி அறையில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும்.

அதனால் வீட்டுப்பாடத்தையே ஜன்னலடிக்குக் கொண்டு வந்தோம். பதினைந்து வரியை மூன்று மூன்றாகப் பிரித்தோம். மூன்று வரி முடிந்ததும் கழித்துப்போட்ட சலங்கையில் ஒன்றை எடுத்து அவனே ஒரு டம்ளரில் போட வேண்டும். டங் என்று விழும். அப்புறம் எழுந்து ஒரு நடை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அன்றைக்குச் சேர வேண்டிய சலங்கை சேர்ந்துவிட்டால் சாயங்காலமே தாத்தாவின் டிவிஎஸ் 50இல் ஒரு ரவுண்டு, ஒரு தட்டுவடை செட். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: போட்ட சலங்கையை எந்தக் கோபத்திலும் திரும்ப எடுக்கக் கூடாது.

அதற்கு முன்பு அந்த அப்பா பையனுக்குச் சொல்லியிருந்தது, முழுப் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள் என்று. ஆசையாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் தள்ளிப்போகும் பரிசு இந்தப் பிள்ளைகளின் மனதில் சீக்கிரமே மதிப்பிழந்துவிடுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஜூலையில் இருக்கும் பிள்ளைக்கு ஏப்ரல் சைக்கிள் கண்ணுக்கே தெரியாது. சாயங்காலத் தட்டுவடை தெரியும்.

கையெழுத்து இன்னும் கோணல்தான், ஏழாம் வாய்ப்பாட்டில் இன்னும் தடுக்குகிறான். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுப்பாடத்துக்காக அந்த வீட்டில் கேட்கும் அதட்டல் சத்தம் நின்றுவிட்டது. இரண்டாவது மாதம் அப்பா தனியாக வந்து உட்கார்ந்தார். "நானும் இப்படித்தான் மேடம் இருந்தேன். எங்கப்பா பெல்ட்டாலயே பேசுவாரு. எட்டாவதோட நின்னுட்டேன்" என்றார். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி ஏடிஹெச்டியில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம். அதனால் என் எதிரே உட்காரும் அப்பாவோ அம்மாவோ தன் கதையையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்பது எனக்கு அடிக்கடி தெரியும். அந்த அப்பா ஒரே நாளில் நாலு கடை ஏறி இறங்கி, பேசிச் சிரித்து ஆர்டர் பிடிப்பதில் கெட்டி. அதை அவரிடம் யாரும் ஒரு பலம் என்று சொன்னதில்லை. நான் சொன்னேன்.

பாராட்டு விஷயத்தில்தான் நம் வீடுகளில் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது. பெற்ற பிள்ளையை வாய்விட்டு மெச்சினால் கண் பட்டுவிடும் என்று பாட்டிகள் பயப்படுகிறார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. பிள்ளையின் அழகையும் அறிவையும் மெச்ச வேண்டாம், செய்ததை மட்டும் சொல்லுங்கள் என்பேன். "கூப்பிட்ட உடனே டிவியை நிறுத்திட்டு வந்துட்ட." "தம்பி பிடுங்கினப்ப கையை ஓங்கல நீ." இதில் கண் பட ஒன்றுமில்லை, ஆனால் எதைச் செய்தால் அம்மாவுக்குப் பிடிக்கிறது என்று பிள்ளைக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய பெற்றோர் பயிற்சி முறை ஒன்று உண்டு. அதில் பெற்றோருக்கு வீட்டுப்பாடம், தினமும் ஐந்து நிமிடம் பிள்ளை சொல்கிறபடி விளையாடுவது. அந்த ஐந்து நிமிடத்தில் கட்டளை கிடையாது, குறை சொல்வது கிடையாது, கேள்வியும் கிடையாது. கேள்வி கேட்காமல் இருப்பதுதான் நம் ஊர் அம்மாக்களுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. பிள்ளை காரை உருட்டினால் "என்ன கலர் இது? எத்தனை சக்கரம்? இங்கிலீஷ்ல சொல்லு" என்று விளையாட்டும் பரீட்சையாகிவிடுகிறது. ஐந்து நிமிடம் வெறுமனே "ஓ, கார் மேடேறுது" என்று சொல்லிக்கொண்டு கூட இருந்த ஒரு அம்மா, பையன் அன்றைக்குத் தானாக மடியில் வந்து படுத்ததை நல்ல நோட்டில் எழுதியிருந்தார்.

நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதுதான் கண்ணில் படும் என்பதற்கு 1994இல் வந்த ஒரு ஆய்வைப் பெற்றோரிடம் விரும்பிச் சொல்வேன். சர்க்கரை சாப்பிட்டால் என் மகன் ஆட்டம் போடுவான் என்று நம்பிய அம்மாக்களும் அவர்களின் ஐந்து முதல் ஏழு வயது மகன்கள் 35 பேரும் அதில் இருந்தார்கள். எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத செயற்கை இனிப்பு. ஆனால் பாதி அம்மாக்களிடம் சர்க்கரை கொடுத்தோம் என்று சொன்னார்கள். அந்த அம்மாக்கள்தான் தங்கள் மகன் அதிகம் துறுதுறுத்ததாகச் சொன்னார்கள். பையனை ஒட்டியே இருந்து கண்காணித்ததும் குறை சொல்ல முனைந்ததும் அவர்கள்தான்.

ஏற்காட்டுப் பிள்ளை ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண் பிள்ளைகள் பல நேரம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார்கள். ஓடுவதில்லை, கத்துவதில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 'மந்தம்', 'கனவு காண்கிறாள்' என்று பேர் வாங்கிவிடுகிறார்கள். இவள் எட்டாம் வகுப்பு, வீடு நாகலூர் பக்கம். அப்பா காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அவளை அழைத்து வந்தவர், நோட்டு தொலைவதையும் மார்க் குறைவதையும் சொல்லி முடித்துவிட்டுப் போகிற போக்கில், "ஆனா சாணியைப் பார்த்தே காட்டெருமை எப்ப போச்சுன்னு சொல்லிடும்ங்க" என்றார். காபிச் செடிக்குள் மேயும் காட்டெருமைக்கு முன்னால் போய் நின்றுவிடாமல் இருப்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. வழி நெடுக மண்ணையும் இலையையும் பார்த்து நடக்கிற பிள்ளையைக் கவனமில்லாதவள் என்று எப்படிச் சொல்வது? கண்ணால் பார்ப்பது அவளுக்குப் பதிகிறது, காதால் கேட்பது வழுக்கிவிடுகிறது. பள்ளிக்கு எடுத்துப்போக வேண்டியதை எல்லாம் அவளே படமாக வரைந்து வாசல் கதவில் ஒட்டினாள். அறிவியல் பாடத்தையும் அதே மாதிரி படமாகப் போட்டுப் படிக்கிறாள். அவள் வகுப்பாசிரியை அவளை ஜன்னலோரத்திலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றி, வீட்டுப்பாடத்தை வாயால் சொல்லாமல் போர்டில் எழுதிப்போட ஆரம்பித்தார்.

பலத்தைப் பார்ப்பது என்றதும் சிலர் வேறு கோடிக்குப் போய்விடுகிறார்கள். ஏடிஹெச்டி ஒரு வரம், மருந்தெல்லாம் தேவையில்லை என்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்கு மனசு பதறுகிறது. சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் சிக்னலைப் பார்க்காமல் அம்மாவின் கையை உதறிக்கொண்டு ஓடிய பிள்ளை எங்களிடம் வந்திருக்கிறது. நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸைக் காட்டுவார்கள். ஒன்பது வயதில் ஏடிஹெச்டி என்று கண்டறியப்பட்டவர், ஒலிம்பிக்கில் 23 தங்கம் வாங்கியவர், எல்லாம் உண்மைதான். ஆனால் சிறுவயதில் அவரும் மருந்து எடுத்துக்கொண்டவர். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், தான் ஏடிஹெச்டிக்கு மருந்து எடுப்பதை 2016இல் வெளிப்படையாகவே சொன்னார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், ஆறு வயதுக்குள் முதலில் பெற்றோர் பயிற்சி என்றும், அதற்கு மேல் மருந்தோடு சேர்த்துப் பயிற்சி என்றும் சொல்கிறது. மருந்து பசியைக் குறைக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லி அளவையும் நேரத்தையும் மாற்றலாம். பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு நிறுத்தக் கூடாது.

பொறுமைக்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2007இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வில், மூளையின் மேலுறையில் பாதி இடங்கள் முழுத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்குச் சுமார் ஏழரை என்றால் ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளுக்குப் பத்தரை என்று தெரிந்தது. வளர்கிற வரிசை அதேதான், மூன்று வருடம் பிந்துகிறது. பத்து வயதுப் பையன் ஏழு வயதுப் பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறான் என்று அம்மாக்கள் அலுத்துக்கொள்வதில் ஒரு உண்மை இருக்கிறது. அப்படியானால் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிற நினைவூட்டலையும் துணையையும் பத்து வயதில் கொடுப்பது செல்லம் ஆகாது.

இதெல்லாம் காசுள்ளவர்களுக்கு என்று நினைத்து ஒதுங்கிவிடுகிற குடும்பங்கள் இங்கே நிறைய. 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய பட்டியலில் ஏடிஹெச்டியும் உண்டு. சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்புவார்கள், கட்டணம் கிடையாது. பள்ளிக்கு அந்தக் குழு வரும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது சிவப்பு மை டைரியை மட்டும் எடுத்துப்போகாமல், ஒரு வாரம் எழுதிய நல்ல நோட்டையும் கையோடு கொண்டு போங்கள்.