மதுரையைவிடப் பக்கத்தில் இருக்கிறது யாழ்ப்பாணம்

மாமியார் வீட்டுக்குப் போக டிக்கெட் போடும்போது, சும்மா இருக்காமல் சென்னைக்கும் யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் எவ்வளவு தூரம் என்று நெட்டில் தட்டிப் பார்த்தேன். நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர்தான். சந்தேகம் வந்து மதுரையைப் போட்டால் 420-ஐ ஒட்டி வருகிறது. மேப்பைத் திறந்து பார்த்ததும் புரிந்தது, மதுரையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மதுரைக்கு மேற்கே சாய்ந்து போக வேண்டும், பலாலியோ சென்னைக்கு நேர் தெற்கு.

கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கு இதே தெற்கில் 645 கிலோமீட்டர். 2019-இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கும் முன்பு, யாழ்ப்பாணத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் பறந்துபோய் இறங்கி, அப்புறம் இரவு முழுக்க பஸ்ஸில் வடக்கே திரும்பி வருவோம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு இடுப்பு போனதென்னவோ நிஜம்.

சரி, நேரத்துக்கு வருவோம். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம் என்பதால் கழித்துப் பார்ப்பதில் குழப்பம் இல்லை. ஆனால் அது பறக்கிற நேரம் இல்லை. விமானம் இங்கே நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் முழுசாக நிற்கும் வரைக்குமான கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கிற விமானங்களுக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். போதாததற்கு இது ஏடிஆர் 72, காற்றாடி வைத்தது, மணிக்கு 500 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். பெரிய ஜெட் 800-ஐத் தாண்டும். அதனால்தான் கொழும்புக்கு இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் இருந்தும் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

போகும்போது வலது பக்க ஜன்னல் கேளுங்கள். தாழ்வாகப் பறப்பதால், மேகம் இல்லாவிட்டால் கரை கூடவே வரும். கோடியக்கரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குக் கீழேயே, வயிற்றுப் பக்கத்திலிருந்து சக்கரம் டக்கென்று வெளியே வருவதைப் பார்க்கலாம். எனக்கு அதற்கே காசு செரித்துவிட்டது.

ஆனால் இது வெளிநாட்டுப் பயணம். மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும், பாஸ்போர்ட் பார்க்கும் குடியகல்வு வரிசை, அங்கே போனதும் மறுபடி வரிசை, பெட்டிக்கு ஒரு காத்திருப்பு. தாம்பரத்தில் காலை பத்து மணிக்கு வீட்டைப் பூட்டியவர்கள் கோண்டாவிலில் மாமியார் வீட்டுப் படலையை (கேட்டை) திறக்கும்போது ஐந்து தாண்டிவிட்டது. எழும்பூரில் தேஜஸ் ரயில் ஏறியிருந்தால் இந்நேரத்துக்கு மதுரையில் இறங்கிச் சாப்பிட்டே முடித்திருக்கலாம்.

மாமி வாசலிலேயே கேட்டார்: "ஒண்டேகால் மணித்தியாலம் எண்டுதானே சொன்னனீங்கள்?"