நாலு மாதம் கட்டு மாற்றினோம், பாதத்தில் நாடி பார்க்க ஒருத்தரும் இல்லை

சர்க்கரைப் புண் வந்த அப்பாவின் கால் தப்பிவிட்டது. வலது காலில் இரண்டாவது விரலும் அதற்குப் பின்னால் உள்ள எலும்பில் பாதியும் போயிற்று, மற்றதெல்லாம் இருக்கிறது. ஜூன் தொடங்கி பிப்ரவரி வரை ஒன்பது மாதம் அலைந்தோம். அதில் முதல் நாலு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு 61 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை, சர்க்கரை வந்து 14 வருடம். மக்களைத் தேடி மருத்துவம் அக்கா மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தந்துவிடுவார். மாத்திரை தவறியதில்லை. ஆனால் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. தோட்டத்தில் பால் பிடிக்கிற சிரட்டை ஒன்று உடைந்து, அதன் சில்லு தேய்ந்த செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியிருக்கிறது. மூன்றாம் நாள் பாயில் ரத்தக்கறையைப் பார்த்துவிட்டு அம்மைதான் காலைத் தூக்கிப் பார்த்தாள். நகத்தளவு சில்லு அப்படியே உள்ளே இருந்தது.

"இது கெடக்கது தெரியல்லியா?" என்று அம்மை சத்தம் போட்டாள்.

"ஒண்ணும் தெரியல்ல" என்றார் அப்பா. பொய் இல்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் ஆணி ஏறினாலும் தெரியாதாம்.

பக்கத்து கிளினிக்கில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினோம். மேலாகப் பஞ்சை ஒற்றி எடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி, மூன்று முறை ஆன்டிபயாட்டிக் மாற்றினார்கள். புண்ணின் மேலே இருக்கிற கிருமி வேறு, ஆழத்தில் எலும்பைப் பிடித்திருக்கிற கிருமி வேறாக இருக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆழத்திலிருந்து சதையோ எலும்போ எடுத்து அனுப்பினால்தான் நம்பலாம். முழங்காலுக்குக் கீழே ரோமம் உதிர்ந்து தோல் மினுங்கியது, விரல்கள் எப்போதும் குளிர்ந்தே இருந்தன. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டோம். ஒரு தடவை கணுக்காலில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தார்கள். கை பிரஷரைப் போல 1.4 மடங்கு என்று வந்தது. "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார்கள். நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

அந்த 1.4தான் எங்களை ஏமாற்றியது. நெடுநாள் சர்க்கரையில் காலின் ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து குழாய் விறைத்துவிடும். பட்டையால் அதை அமுக்க முடியாது. அதனால் பிரஷர் கூடுதலாகக் காட்டும், உள்ளே அடைப்பு இருந்தாலும். 1.3க்கு மேல் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். கால் கட்டைவிரலில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

செப்டம்பர் கடைசியில் விரல் கறுத்தது. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்ஜன் கட்டைப் பிரித்து ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "முட்டுக்குக் கீழே எடுத்துரலாம், இல்லன்னா மேலே ஏறிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கையெழுத்துப் போடுகிற பேப்பர் அரை மணி நேரத்தில் வந்தது. அம்மை வராந்தாவில் அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

என் மைனி மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட ஒரே கேள்வி: "டாப்ளர் பாத்தாச்சா?" பார்க்கவில்லை. "பாக்காம கையெழுத்துப் போடாதே" என்றாள். போடவில்லை. எங்கள் சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். காய்ச்சலும் சீழும் இல்லாததால்தான் அந்தத் தைரியம் வந்தது. கால் வீங்கிச் சிவந்து சீழ் கட்டியிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக்கூடாது, முதலில் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். இதைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே பிலிமை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அதை வாங்க மறுநாள் முழுக்கப் போயிற்று.

அடுத்து பார்த்த டாக்டர் கட்டைப் பிரித்ததும் முதலில் புறங்காலில் இரண்டு விரலை வைத்தார், பிறகு கணுக்காலின் உள்பக்கம். நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அப்பாவின் பாதத்தில் நாடி தேடினார். கிடைக்கவில்லை. பிறகு மொட்டையான ஒரு ஸ்டீல் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டார். டொக்கென்று ஏதோ தட்டியது. "எலும்பு" என்றார். எக்ஸ்ரேயிலும் எலும்பு அரித்திருந்தது. "முதல்ல ரத்தம் போகட்டும், அப்புறம் எங்க வெட்டணும்னு பாப்போம். ரத்தம் போகாத இடத்துல கத்தி வச்சா, வச்ச இடமும் ஆறாது." நாலு மாதம் கட்டுக் கட்டியும் ஆறாததன் காரணத்தை இந்த ரெண்டு வரியில் சொல்லிவிட்டார்.

மருந்து ஏற்றி ரத்தக்குழாயைப் படம் எடுக்கிற சிடி ஆஞ்சியோ ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் கார் பிடித்துக் கூட்டிப்போனோம். கவுண்டரில் கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் கேட்டார்கள். ஏற்றுகிற மருந்து கிட்னியைப் பாதிக்கலாம், அதனால் அது இல்லாமல் செய்ய மாட்டார்கள். சரிதான். ஆனால் தேதி கொடுத்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? கார் வாடகை 1,800 ரூபாய், பசியோடு திரும்பி வந்தோம். இரண்டாம் தடவை ஸ்கேன் எடுத்து பிலிம் தந்தார்கள். ரத்தக்குழாய் டாக்டர் ஸ்கேன் படம் பதிந்த சிடி தட்டு இல்லாமல் பார்க்க மாட்டேன் என்றார். அந்தத் தட்டுக்காக மூன்றாம் தடவை போனேன். நீங்கள் போகும்போது கிரியாட்டினின், சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு, இரண்டையும் கொண்டு போங்கள். மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று முன்னாலேயே கேளுங்கள். சிடி தட்டைக் கையில் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

முழங்காலுக்குக் கீழே மூன்று குழாயில் இரண்டு முழு அடைப்பு, மூன்றாவது நூலாக இருந்தது. பலூன் வைத்துத் திறக்க வேண்டும். கையில் அவ்வளவு காசு இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுக்கு எங்களுக்குத் தகுதி உண்டு, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும், ஆனால் நாங்கள் பதிந்திருக்கவில்லை. ரேஷன் கார்டில் அப்பாவின் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால். இதற்காக ஒரு அலுவலகத்தில், காப்பீட்டில் பதியத் தேவையான வருமானச் சான்றிதழ் மனுவை இரண்டு தடவை திருப்பினார்கள். "ஆளை நேர்ல கூட்டிட்டு வாங்க" என்றார் அங்கே இருந்தவர். கட்டுப் போட்ட காலின் போட்டோவைக் காட்டினேன், தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து நாள் அதிலேயே போயிற்று. கடைசியில் உதவியது ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்த காப்பீட்டுக் கவுண்டர்ப் பெண். எந்தத் தாள், எந்த வரிசையில் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார், ஒப்புதலும் வந்தது. முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் காலில் புண் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே காப்பீட்டில் பதிந்துவிடுங்கள்.

பலூன் வேலை நல்லபடி முடிந்தது. மறுநாள் காலை டாக்டர் என் விரலைப் பிடித்து அப்பாவின் புறங்காலில் வைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. "அமுக்காதீங்க, சும்மா வைங்க" என்றார். மெல்ல விட்டுவிட்டு ஒரு துடிப்பு. நான் அங்கேயே அழுதுவிட்டேன். "என்ன மக்களே, என்னாச்சு?" என்று அப்பா பயந்துபோனார்.

நாலாம் நாள் ஆபரேஷன். பலூனுக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை தொடங்கியிருந்தார்கள், அதனால் முதுகில் ஊசி போட முடியாது. மயக்க டாக்டருக்கு இது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. முழங்காலுக்குப் பின்னால் நரம்பில் ஊசி போட்டுச் செய்தார்கள், இரண்டு மணி நேரம் தாமதம். விரலையும் அரித்த எலும்பையும் எடுத்து, செத்த சதையை ரத்தம் கசிகிற இடம்வரை செதுக்கினார்கள். எலும்புத் துண்டைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். நாலு மாதம் கொடுத்த மருந்து எதற்கும் அடங்காத கிருமி அதில் வளர்ந்தது.

பிறகு வேக் மிஷின். கறுப்பு ஸ்பாஞ்சைப் புண்ணில் வைத்து மேலே பிளாஸ்டிக் ஒட்டி, குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும். உறிஞ்சுகிற அழுத்தம் மைனஸ் 125 என்று மிஷினில் தெரியும். மூன்று நாளுக்கு ஒரு தடவை ஸ்பாஞ்சு மாற்றுவார்கள். விரல் இடுக்கில் பிளாஸ்டிக் விட்டுப்போய் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். முதல் ராத்திரி நர்ஸ் வர நாற்பது நிமிடமானது. இரண்டாவது ராத்திரியிலிருந்து கசிகிற இடத்தை நானே கண்டுபிடித்துக் காட்டினேன், அவர் துண்டு ஒட்டுவார். அலாரத்தை நிறுத்திவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். உறிஞ்சாமல் ஸ்பாஞ்சு உள்ளே கிடந்தால் புண் கெட்டுவிடும். ஐந்து தடவை மாற்றிய பிறகு பார்த்தால் புண் மாதுளையை உடைத்துவைத்த மாதிரி இருந்தது.

அதன் மேல் தொடைத்தோலைச் சீவி ஒட்டினார்கள். அன்று ராத்திரி அப்பா வலியில் முனகினார், காலில் இல்லை, தொடையில். எலும்பை எடுத்தபோதுகூட அவர் வலி என்று சொன்னதில்லை. ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது தோல் பிடித்திருந்தது, ஒரு ஓரம் தவிர. அந்த ஓரம் போனது யாருக்கும் தெரியாமல் அவர் குளிமுறிக்கு நடந்ததால். டாக்டர் அவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அந்தச் சின்ன ஓரம் ஆற மேலும் ஆறு வாரம் பிடித்தது.

சர்க்கரைக் காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு (எம்சிஆர் செருப்பு) பாத அளவு எடுத்துக் கொடுத்து, கைக்கு வர ஒரு மாதமானது. தோல் ஒட்டுவதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தால் அந்த மாதமும் மிஞ்சியிருக்கும்.

அப்பா இனிப் பால்வெட்டுக்குப் போகமாட்டார். ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்தில் ஸ்டூல் போட்டுக் கணக்குப் பார்க்கிறார். தோட்டத்தில் வேறு நாலு பேர் வெட்டுகிறார்கள், அதில் இரண்டு பேருக்குச் சர்க்கரை. போன ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பேரையும் திண்ணையில் இருத்தி, அமுக்காமல் புறங்காலில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒருவருக்கு எனக்குத் துடிப்பு கிடைக்கவில்லை. காலில் புண் எதுவும் இல்லை. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் டாப்ளருக்கு அனுப்பிவைத்தோம், கையில் மாத்திரைச் சீட்டோடு.