பெரியப்பாவின் பெழோவுக்குப் புது ஒயர்

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வு பெற்று புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குத் திரும்பியபோது கொண்டுவந்த சைக்கிள் இது. எழுபதுகளில் வந்த பெழோ என்ற பிரெஞ்சுக் கம்பெனி வண்டி. பத்து கியர், வளைந்த ஹேண்டில்பார். அவர் போன பிறகு எட்டு வருடம் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. போன வருடம் எடுத்துத் துடைத்து, டயர் மாற்றி ஓட்டத் தொடங்கினேன். பிரேக்தான் பிடிக்கவே இல்லை. லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நாலு அடி தள்ளிப் போய்த்தான் நிற்கும். பிரேக் கட்டையை இரண்டு முறை மாற்றியும் அதே கதை.

கடைசியில் எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன்தான் சொன்னார்: "கட்டையில ஒண்ணும் இல்ல தம்பி. ஒயரை ரெண்டு பக்கமும் கழட்டிட்டு அவுட்டருக்குள்ள கையால இழுத்துப் பாரு." அவுட்டர் என்றால் ஒயரை மூடியிருக்கும் வெளிக்குழாய். இழுத்தேன். மணலுக்குள் இழுப்பதுபோல நறநறவென்று வந்தது. அவுட்டரை வெட்டித் தட்டினால் செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. பழைய அவுட்டர்களில் உள்ளே பிளாஸ்டிக் குழாய் கிடையாது, இரும்புச் சுருள் மேலேயே ஒயர் உரசும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். நான் கொடுத்த அழுத்தமெல்லாம் அந்த உரசலிலேயே தீர்ந்துபோயிருக்கிறது.

சரி, மொத்தமாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். பிரேக்குக்கு 1.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஒயர், 5 மி.மீ. அவுட்டர். கியருக்கு 1.2 மி.மீ. ஒயர், 4 மி.மீ. அவுட்டர். இரண்டு அவுட்டரும் வெளியே ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே வேறு. பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். இப்போது வரும் கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் படுத்திருக்கும். கைக்கு அகப்பட்டதே என்று அதைப் பிரேக்குக்குப் போட்டால், வேகத்தில் அழுத்தும்போது பிளந்துகொண்டு வெளியே வந்துவிடலாம். இதில் மட்டும் யாரும் சமாளிக்கப் பார்க்கவேண்டாம்.

ஒயர் வாங்கும்போது முனையில் இருக்கும் குண்டைப் பார்க்கவேண்டும். நேர் ஹேண்டில்பார் லீவருக்கு உருளையாக இருக்கும், வளைந்த ஹேண்டில்பார் லீவருக்குப் பேரிக்காய் வடிவம். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று வைத்த ஒயரும் கிடைக்கிறது, வேண்டாததை வெட்டிவிடலாம். நான் அதைத்தான் வாங்கினேன்.

அதிக நேரம் பிடித்தது அவுட்டரை வெட்டுவதில். கட்டிங் பிளேயரால் நறுக்கியதும் சுருள் நசுங்கி, ஒரு கம்பி நுனி குழாய்க்குள் கொக்கிபோல மடங்கி நின்றது. அப்படியே மாட்டினால் புது ஒயரை அது நாளாவட்டத்தில் அறுத்துவிடும். அரத்தை எடுத்து முனை தட்டையாகும்வரை ராவினேன், விரல் வைத்தால் எங்கும் குத்தக்கூடாது. உள்குழாய் வாய் மூடிக்கொண்டதால் அம்மாவின் கோணி ஊசியை விட்டுச் சுழற்றித் திறந்தேன். நாலு முனைக்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகு ஒயரை விட்டபோது தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்தச் சத்தமில்லாத வழுக்கலைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் ஒரு யோசனை. இந்த வண்டியில் இடக்கை லீவர் முன் பிரேக், வலக்கை பின் பிரேக். நம் ஊர் சைக்கிளில் நேர்மாறு. பெரியப்பா மாற்றாமலேயே ஓட்டினார். ஆனால் இனி என் மகனும் ஓட்டப்போகிறான். பதற்றத்தில் கை பழக்கத்துக்குத்தான் போகும், அதனால் முன் பிரேக்கை வலது பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, ஒயர் இழுபடாத அளவுக்கு நீளம் விட்டேன். பிரேக் மஃபாக் கம்பெனியின் நடு இழுப்பு வகை. சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள பிரேக் கைகளை ஒரு குட்டி ஒயர் இணைக்கும், அதன் நடுவில் பெரிய ஒயர் பிடித்து மேலே தூக்கும். அந்தக் குட்டி ஒயரையும் மாற்றினேன்.

கியர் வேலை சுலபம். லீவர் இரண்டும் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்கின்றன. ஒயர் பெரும்பாலும் வெளியிலேயே ஓடுகிறது, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சாண் அவுட்டர். குண்டு லீவர் குழிக்குள் உட்காராததால் அரத்தால் கொஞ்சம் தேய்க்கவேண்டியிருந்தது. செயினைப் பின்னால் மிகச் சிறிய பல்சக்கரத்தில் வைத்து, லீவரை முழுதும் முன்னால் தள்ளி, ஒயரை விறைப்பாக இழுத்து முடுக்கினால் போதும். 1984இல் ஷிமானோ கம்பெனி கொண்டுவந்த, ஒவ்வொரு கியருக்கும் லீவர் சொடுக்கி நிற்கும் 'கிளிக்' கியருக்கு முந்தைய காலத்து வண்டி என்பதால் நுணுக்கமான அளவு தேவையில்லை, கை உணர்வில் விழும். செயினை நகர்த்தும் சிம்ப்ளெக்ஸ் கம்பெனி கியரின் உடம்பு பிளாஸ்டிக், பழசானால் விரிசல் விடும். அதனால் திருகும்போது பலம் காட்டவில்லை.

எல்லாம் மாட்டியபின் லீவர்களை இருபது முறை இறுக்கி அழுத்தினேன். பிரேக் உடனே தளர்ந்தது. ஒயர் நீண்டுவிட்டது என்று சொல்வார்கள், பெரும்பாலும் அவுட்டர் முனைகள் தம் இடத்தில் அழுந்தி உட்காருவதுதான் அது. மறுபடி இழுத்து முடுக்கி, மீதி ஒயரை வெட்டி, பிரியாமலிருக்க அலுமினியத் தொப்பி மாட்டினேன்.

ஞாயிறு காலை லாஸ்பேட்டை மேட்டிலிருந்து இறங்கிப் பார்த்தேன். இரண்டு விரலால் தொட்டதும் வண்டி நின்றது. பின் கியர் பெரிய பல்சக்கரத்தில் மட்டும் லேசாக உரசுகிறது, அதை அடுத்த ஞாயிறு பார்க்கவேண்டும்.