அப்பாவின் ஆபா கணக்கில் யாருடைய நம்பர்?

"38-ல முடியற நம்பர் யாருதுங்க? ஓடிபி சொல்லுங்க." சேலத்தில் அப்பாவின் மூட்டு வலிக்குக் காட்டப் போன இடத்தில், கவுண்டரில் இப்படிக் கேட்டார்கள். அது என் நம்பர் இல்லை, தம்பியுடையதும் இல்லை. அப்பாவிடம் போனே கிடையாது.

ஆறு மாதம் முன்பு தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் அப்பாவின் விரல் ரேகையை வைத்து ஆபா (ABHA, மருத்துவ ரிப்போர்ட்களை ஒரே எண்ணில் இணைத்து வைக்கும் அரசின் சுகாதாரக் கணக்கு) போட்டார்கள். 14 இலக்க எண்ணோடு ஒரு அட்டை தந்தார்கள். அதோடு மறந்துவிட்டோம்.

மறுநாளே பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். பதிவு செய்த பெண் மறைக்கவில்லை. "தாத்தா போன் இல்லைன்னாருண்ணா, அதான் என் நம்பரையே போட்டுட்டேன். நிறைய பேருக்கு அப்படித்தான் போடறோம்." உதவியாக நினைத்துத்தான் செய்திருக்கிறார். ஆனால் அந்த நம்பருக்கு வரும் ஓடிபி இருந்தால் போதும், ஆபா செயலிக்குள் நுழைந்து இணைத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மூன்று வருடம் முன்பு அப்பா காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அதுவும் அதில்தான் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் பாஸ்வேர்டை மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நம்பரை மாற்ற ஆபா தளத்துக்குப் போனால் ஆதார் ஓடிபி கேட்டது. ஆதாரில் இருந்ததோ எப்போதோ செத்துப்போன பழைய சிம். சரி என்று ஆதார் மையத்துக்குத் தனியாகப் போனேன். அப்பா நேரில் வந்தே ஆகவேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள் அப்பாவோடு எட்டு மணிக்கே வரிசையில் நின்றேன். தக்காளி பறித்துத் தேய்ந்த விரல் மெஷினில் விழவே இல்லை. கடைசியில் கருவிழியை வைத்து முடித்தார்கள். 75 ரூபாய். மொபைல் நம்பர் மாற்ற ஆவணம் எதுவும் வேண்டாம், நகல் எடுத்து அலையாதீர்கள். ஆறாம் நாள் புது நம்பர் ஏறியது. ஆபாவில் மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆபா போடும்போதே எந்த நம்பர் பதிவாகிறது என்று திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே பாருங்கள். ஆபா கட்டாயமில்லை, அது இல்லை என்று வைத்தியத்தை மறுக்கவும் கூடாது.

அப்புறம் அப்பாவின் ரிப்போர்ட்களைப் பார்க்க அனுமதி கேட்டு சேலத்து டாக்டரின் கோரிக்கை செயலியில் வந்தது. எந்த வகை ரிப்போர்ட், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாளைக்கு என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். தேதி வந்ததும் அப்பா கையை நீட்டித் தடுத்தார். "அந்தக் காசநோய் சீட்டு வேண்டாம்ப்பா. டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்." தொடக்கத் தேதியை இரண்டு வருடத்துக்குள் நகர்த்தி, ஒரு மாதத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன்.