எம்சிபி விழாமலே கருகும் சாக்கெட்

கெட்டில் செருகும் சாக்கெட்டில் ஒரு துளையோரம் மட்டும் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறதா? பெரும்பாலும் அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு ஸ்குரு தளர்ந்திருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் இதை "கரண்ட் கூடிப்போச்சு" என்பார்கள். உண்மையில் கரண்ட் கூடுவதே இல்லை, அதுதான் ஆபத்து.

2,000 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே போதும், அந்த ஒரு ஸ்குருவில் 38 வாட் சூடு பிறக்கும். ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சாக்கெட்டுக்குள் மூடி வைத்த மாதிரி. கரண்டின் அளவு கூடாததால், அளவு மீறினால் தானாக அணையும் எம்சிபி விழாது. எர்த்துக்குக் கசியாததால், கசிந்தால் அணையும் ஆர்சிசிபியும் விழாது. பலகைச் சுவரில் க்ளிப் அடித்து வயர் ஓட்டிய பழைய லயத்து வீடுகளில் இதை ஒருநாள்கூட விட்டுவைக்கக் கூடாது.

சாக்கெட், சுவிட்ச், சுவர் வயரிங் எல்லாம் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த வயர்மேனின் வேலை. ஆனால் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மெயின் சுவிட்சை அடைத்து, யாரும் திரும்பப் போடாதபடி டேப் ஒட்ட வேண்டும். டெஸ்ட் பென்னை மட்டும் நம்பக் கூடாது. காய்ந்த பலகைத் தரையில் செருப்போடு நின்றால் லைவ் வயரிலும் அது சரியாக எரியாமல் போகலாம். பகல் வெளிச்சத்தில் எரிவதும் தெரியாது. மல்டிமீட்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, மெயினை அடைத்தபின் இந்தச் சாக்கெட்டில் லைவ்-நியூட்ரல், லைவ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளந்து, கடைசியில் மீட்டர் வேலை செய்கிறதா என்று, இந்த மெயினோடு சேராத, கரண்ட் உள்ள இடத்தில் மறுபடி பார்ப்பதே சரி.

இந்த நாட்டுச் சுவர் வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். சாமான்களின் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். மூன்று ஃபேஸ் வயரிங்கில் நீலமும் லைவ் என்பதை மறக்கக் கூடாது. சாக்கெட்டின் பின்பக்கத்தில் இடம் வலமாகிவிடும்; எல், என் எழுத்துகளைப் பார்த்தே மாட்ட வேண்டும்.

சாக்கெட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை தோலை உரித்து, இழைகளை முறுக்கி, செம்பு வெளியே தெரியாமலும் தோல் ஸ்குருவுக்கு அடியில் சிக்காமலும் நுழைக்க வேண்டும். துளை போதவில்லை என்று ஏழு இழையில் இரண்டை நறுக்குவது பெரிய தவறு: வயரின் செம்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். முடுக்கியபின் ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாக்கெட்டைப் பெட்டிக்குள் அழுத்தும்போது வயர் மடங்கி ஸ்குரு தளரும். அதனால் தள்ளுவதற்கு முன்பே வயரை மடித்து வைத்து, இன்னொரு முறை முடுக்குவது நல்லது.

சுவிட்சுக்கு லைவ்தான் வர வேண்டும், நியூட்ரல் அல்ல. மாறிப்போனால் சுவிட்சை அடைத்தாலும் பல்ப் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பழைய வீட்டுச் சுவிட்ச் பெட்டியில் கறுப்பு வயர் இருந்தால் அது லைட்டுக்குத் திரும்பிப் போகும் லைவாக இருக்கலாம். சிவப்பு டேப் சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

பிளக் மாற்றுவதை நீங்களே செய்யலாம். எர்த் வயரைச் சற்று நீளமாக விடுங்கள், இழுபட்டால் அதுதான் கடைசியாகக் கழன்று வர வேண்டும். க்ளாம்ப் வெளித்தோலைப் பிடிக்கட்டும். இழைகளுக்கு ஈயம் பூசாதீர்கள். ஈயம் நசுங்கி ஸ்குரு தளரும். மேசை ஃபேனுக்கு 3 ஆம்பியர் ஃப்யூஸ், கெட்டிலுக்கு 13. இரண்டு முள் பிளக்கை, மேல் துளையில் பேனா குத்திச் செருகுவதை விட்டுவிடுங்கள். அங்கே ஃப்யூஸே கிடையாது.

எல்லாம் முடிந்தபின் கெட்டிலை இரண்டு முறை கொதிக்க விட்டு, சுவிட்சை அடைத்து, பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தச் சாக்கெட்டைத் திரும்பத் திறக்க வேண்டும்.