வெளிநாட்டுப் பண்ணையில் தன்னார்வ வேலை: போகுமுன் முடிவு செய்ய வேண்டியவை

1971-ல் இங்கிலாந்தில் சூ கோப்பார்டு தொடங்கிய 'வூஃப்' ஏற்பாடு எளிமையானது. இயற்கை விவசாயப் பண்ணையில் நாளுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் உழைத்தால், சாப்பாடும் தங்குமிடமும் கிடைக்கும். பணம் கைமாறாது. வொர்க்அவே, ஹெல்ப்எக்ஸ் தளங்களிலும் இதே முறைதான், ஆனால் அங்கே பண்ணை அல்லாத வேலைகளும் கலந்திருக்கும். எதில் சேர்ந்தாலும் பின்னால் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி, முன்கூட்டியே கேட்காமல் விட்ட கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

முதல் கேள்வி விசா. "காசு வாங்கப் போவதில்லையே, சுற்றுலா விசா போதும்" என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். நியூசிலாந்தில் உழைப்புக்கு ஈடாகப் பெறும் சோறும் படுக்கையும் ஊதியமாகவே கருதப்படும். வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும். ஆஸ்திரேலியாவில் வொர்க்கிங் ஹாலிடே விசாவை (இளைஞர்கள் ஊர் சுற்றியபடியே வேலையும் செய்ய அனுமதிப்பது) இரண்டாம் ஆண்டுக்கு நீட்டிக்கக் காட்டும் பண்ணை வேலை நாட்களின் கணக்கில், 2015 டிசம்பர் முதல் சம்பளமில்லா வேலை சேராது. அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் படித்துவிட்டே டிக்கெட் போடுங்கள். பயணக் காப்பீட்டில் உடலுழைப்பு வேலைக்கு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். மண், சாணம், துருப்பிடித்த கம்பி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும்.

பண்ணை வீட்டாருக்கு எழுதும்போது நேரடியாகக் கேளுங்கள். ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு? படுக்கை தனி அறையிலா, கேரவனிலா, கூடாரத்திலா? கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? யார் சமைப்பது? சைவம் என்றால் முடியுமா? பக்கத்துப் பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம்? மணிக்கணக்கைப் பற்றிப் பதில் நழுவினாலோ, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ அந்த இடத்தை விட்டுவிடுங்கள். முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டு, ஒத்துவந்தால் நீட்டிப்பதுதான் இரு தரப்புக்கும் நல்லது. எந்த நிமிடமும் கிளம்பிப் போகும் அளவுக்குப் பணம் கையில் இருக்கட்டும்.

வேலை என்று வந்தால் முதலில் களையெடுப்பு. காலையிலேயே, மேல்மண் காய்ந்திருக்கும் நாளில் களைக்கொத்து ஓட்டினால், வேரறுந்த களை மதிய வெயிலில் வாடிவிடும். மழைக்கு மறுநாள் கொத்தினால் ஈர மண்ணில் அது திரும்ப வேர் பிடிக்கும். இரண்டு சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆழமாகக் கொத்தினால் உள்ளே உறங்கும் விதைகள் வெளிச்சம் பட்டு முளைத்துக்கொள்ளும். பயிர் நாற்றையே களையென்று பிடுங்கிவிடுவது அடிக்கடி நடக்கும், அதிலும் இளம் கேரட் பாத்தியில். எது பயிர் என்று ஒரு வரிசையைக் காட்டச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இதைக் கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

அடுத்தது கம்போஸ்ட், அதாவது கழிவைக் குவித்து மட்கவைக்கும் உரம். நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இல்லாவிட்டால் குவியலுக்குள் சூடு நிற்காது. பசுந்தழையும் சமையலறைக் கழிவும் ஒரு பங்கு என்றால், வைக்கோலும் சருகும் கன அளவில் இரண்டு மூன்று பங்கு சேர வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிவது சரியான பதம். அமோனியா நெடி அடித்தால் தழை அதிகம், சருகு சேருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்து காற்று அடைபட்டிருக்கிறது, புரட்டிவிடுங்கள். சரியாக அமைந்த குவியல் சில நாட்களில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டில் பெரும்பாலான களை விதைகள் செத்துவிடும். ஓரத்தில் கிடப்பவை தப்பும். அதனால் புரட்டும்போது வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளுவதுதான் வேலையின் உயிர்நாடி.

கால்நடை இருந்தால், வேலிக் கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். கால்நடை தண்ணீர் குடிக்கப் போவதற்காகவே அது திறந்திருக்கலாம். மின்வேலியைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். கோழிகள் இருட்டுமுன் தாமாகக் கூட்டுக்குள் போய்விடும், எண்ணிப் பார்த்துக் கதவை அடைப்பதை மட்டும் மறந்தால் இரவில் நரி வந்துவிடும்.

அடுத்த நாட்டுக்குப் போகுமுன் பூட்ஸைக் கவனியுங்கள். அடிப்பள்ளங்களில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் குத்தியெடுத்து, சோப்பு நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு, பெட்டியில் மேலாக வையுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் மண்ணொட்டிய பொருளை மறைத்தால் அபராதம். நியூசிலாந்தில் அது 400 டாலர். வருகைப் படிவத்தில் பண்ணைக்குப் போனதையும் பூட்ஸையும் குறித்துவிட்டால், அதிகாரி பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கழுவித் தந்து அனுப்பிவிடுவார்.